ஜென்டிலா, மைல்டா, சாஃப்டா? இதத்துக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். குரலை உயர்த்தாதவர், எதிரே இருப்பவர் எவ்வளவு சிடுசிடுத்தாலும் முகம் சுளிக்காதவர். தமிழில் என்றால் 'இதமான மனிதர்' என்று எழுதி முடித்திருப்பேன். ஆங்கிலத்தில் 'சாஃப்ட்', 'டோசைல்' என்று இரண்டு சொல்லைப் போட்டேன். அனுப்புவதற்கு முன் அதைப் படித்துப் பார்த்த மூத்த சகா, "இவரைச் சிபாரிசு செய்கிறீர்களா, எச்சரிக்கிறீர்களா?" என்று கேட்டார். ஒரு மனிதரை வெறுமனே 'சாஃப்ட்' என்றால் உறுதியில்லாதவர், அழுத்தினால் வளைபவர் என்று பொருள். 'டோசைல்' என்றால் சொன்னதைக் கேட்டு அடங்கி நடப்பவர். ஒரு நல்ல மனிதரை நான் என் கையாலேயே குறைத்து எழுதியிருந்தேன். கடிதம் போகாமல் தப்பியது.

அன்றிலிருந்து இந்தக் குடும்பத்துச் சொற்களைக் கவனித்து வருகிறேன். அகராதி இதில் அதிகம் உதவாது. 'ஜென்டில்' என்றால் 'மைல்ட்' என்கும், 'மைல்ட்' என்றால் 'சாஃப்ட்' என்கும், 'சாஃப்ட்' என்றால் மறுபடி 'ஜென்டில்' என்கும். சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்று பொருந்தும் இடத்தில் இன்னொன்று ஏன் பொருந்தவில்லை என்று பார்த்தால்தான் பிடிபடும். நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்த இதம் எங்கே இருக்கிறது? பொருளில் வீரியம் குறைவாக இருப்பதாலா, இருக்கிற வலுவை அடக்கிக்கொள்வதாலா, தொட்டால் தெரிவதாலா, அல்லது வாங்கிக்கொள்பவருக்கு ஏற்கெனவே ஒரு வலி இருப்பதாலா? பதிலைப் பொறுத்துச் சொல் மாறும்.

ஜென்டிலும் மைல்டும்

முதலில் இந்த இரண்டு, ஏனென்றால் குழப்பத்தில் பாதி இங்கேதான். காய்ச்சலை 'மைல்ட் ஃபீவர்' என்கிறோம். 'ஜென்டில் ஃபீவர்' என்று யாரும் சொல்வதில்லை. தூறல் மழை 'ஜென்டில் ரெயின்'. அங்கே 'மைல்ட்' ஒட்டாது. கடுங்குளிர் இல்லாத குளிர்காலம் 'மைல்ட் வின்டர்'. உருவத்தில் பெரிய, மனத்தில் இளகிய ஆளை 'ஜென்டில் ஜெயன்ட்' என்பார்கள். 'மைல்ட் ஜெயன்ட்' என்றால் பொருளே நிற்காது. 'மைல்ட்' அளவைச் சொல்கிறது. காய்ச்சல் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். 'ஜென்டில்' நடத்தையைச் சொல்கிறது. வலு இருக்கிறது, அதை மேலே பாய விடவில்லை.

கண்டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'மைல்ட் ரிப்யூக்', 'ஜென்டில் ரிப்யூக்' இரண்டும் புழக்கத்தில் உண்டு. முதலாவதில் கண்டிப்பு லேசாக இருந்தது, அவ்வளவுதான். கண்டித்தவர் அக்கறையோடு சொன்னாரா, சலிப்போடு சொன்னாரா என்று தெரியாது. இரண்டாவதில் கேட்பவர் மனம் நோகக் கூடாது என்ற கவனம் தெரிகிறது. இந்த ஒரு ஜோடியை நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தவறாது.

காற்றின் வேகத்தை அளக்க 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோலிலும் இதைப் பார்க்கலாம். இன்றைய வடிவில் அதன் பூஜ்யம் 'காம்': காற்றே இல்லை, புகை நேராக மேலே போகும். ஒன்று 'லைட் ஏர்', இரண்டு 'லைட் பிரீஸ்'. 'ஜென்டில் பிரீஸ்' மூன்றாவது இடத்தில்தான் வருகிறது, மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 19 கிலோமீட்டர் வரை. இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசையும், லேசான கொடி விரிந்து பறக்கும். ஆக 'ஜென்டில்' இருப்பதிலேயே பலவீனமான காற்று அல்ல. கொடியை விரிக்கத் தெரிந்த காற்று. 'காம்' என்பதோ காற்று இல்லாமையின் பெயர். ஒரு மனிதரை 'காம்' என்று சொல்வதற்கும் 'ஜென்டில்' என்று சொல்வதற்கும் இதே வித்தியாசம்தான். காமாக இருப்பவர் கலங்காதவர். அவர் அன்பானவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைதியாக இருந்துகொண்டே ஒருவரைக் காயப்படுத்த முடியும். ஜென்டிலாக இருந்துகொண்டு முடியாது.

சோப்பிலும் ஷாம்பூவிலும் இரண்டு சொல்லையும் அச்சடிக்கிறார்கள். 'மைல்ட்' என்றால் உள்ளே காரம் குறைவு. 'ஜென்டில் ஆன் ஸ்கின்' என்றால் தோலிடம் பதமாக நடந்துகொள்கிறது. ஒன்று சரக்கைப் பற்றியது, மற்றது உறவைப் பற்றியது. இடைச்சொல்லையும் கவனியுங்கள்: தோலுக்கு 'ஜென்டில் ஆன்', குழந்தைக்கு 'ஜென்டில் வித்'. குழந்தையிடம் பக்குவமாக நடந்துகொள்ளச் சொல்லும் இடத்தில் 'ஆன்' போட்டால் குழந்தை ஒரு பரப்பாகிவிடும்.

'ஜென்டில்' என்ற சொல்லின் பிறப்பும் எனக்குப் பிடித்தமானது. லத்தீனில் 'ஜென்ஸ்' என்றால் குலம், குடி. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 'நல்ல குடியில் பிறந்த' என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது; 'ஜென்டில்மேன்' அந்தப் பொருளை இன்றும் சுமக்கிறது. பிறப்பைக் குறித்த சொல், நல்ல குடிப்பிறந்தவரிடம் எதிர்பார்க்கப்பட்ட நடத்தையைக் குறிக்கத் தொடங்கி, கடைசியில் நடத்தை மட்டும் மிஞ்சியது. இன்சொல்லைக் குடிப்பிறப்பின் அடையாளமாகச் சொல்வது நம் பழைய நூல்களிலும் உண்டு. 'கைண்ட்' என்ற சொல்லும் இதே வழியில் வந்தது. 'கின்', அதாவது உறவினர், என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. தன் இனத்தாரிடம் இயல்பாக நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்வது. இன்னும் பின்னே போனால் 'ஜென்ஸ்', 'கின்' இரண்டுக்குமே வேர் ஒன்று, பிறத்தல் என்ற பொருளுடைய வேர். தமிழில் 'கேள்' என்றால் உறவு, 'கேண்மை' என்றால் நட்பு. உறவிலிருந்து அன்புக்குப் போகும் அந்தப் பாதை நமக்கும் பழக்கமானதுதான்.

அதனால் 'கைண்டா, ஜென்டிலா' என்ற தேர்வு வரும்போது நான் இப்படிப் பிரிக்கிறேன்: ஒருவர் என்ன செய்தார் என்றால் 'கைண்ட்', எப்படிச் செய்தார் என்றால் 'ஜென்டில்'. பசித்தவருக்குச் சோறு போட்டது 'கைண்ட்'. அவர் கூச்சப்படாதபடி போட்டது 'ஜென்டில்'.

தொட்டுத் தெரியும் சொற்கள்

'சாஃப்ட்' தொடுகைச் சொல். துணி, தலையணை, பஞ்சு, அப்புறம் அங்கிருந்து விரிந்து வெளிச்சம், குரல், நிறம். இவற்றில் தயங்காமல் போடலாம். மனிதருக்குப் போடும்போது மட்டும் பக்கத்தில் இன்னொரு சொல்லின் துணை வேண்டும். 'சாஃப்ட்-ஸ்போக்கன்' பாராட்டு. 'சாஃப்ட்-ஹார்ட்டட்' பெரும்பாலும் பாராட்டு. 'சாஃப்ட் இன் த ஹெட்' வசவு. 'சாஃப்ட் ஆன் கிரைம்' குற்றச்சாட்டு. தமிழ்ப் பேச்சில் 'அவர் ரொம்ப சாஃப்ட்' என்று நல்லெண்ணத்தோடு சொல்லிப் பழகிவிட்டோம். அதை அப்படியே ஆங்கிலக் கடிதத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் என் கதை நடக்கிறது.

'டெண்டர்' இதைவிட ஆழமான சொல், ஆபத்தும் கூடுதல். லத்தீனில் இளசு, மென்மை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. (ஒப்பந்தப்புள்ளி கேட்கும் டெண்டர் வேறு வேரிலிருந்து, 'நீட்டுதல்' என்ற பொருளில் வந்தது, எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.) இளம் தளிர், இளம் வயது, நன்றாக வெந்த இறைச்சி, தாயின் பார்வை எல்லாம் 'டெண்டர்'. ஆனால் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'டெண்டர்' என்று எழுதினால் மென்மையாக இருக்கிறது என்று பொருள் அல்ல. தொட்டால் வலிக்கிறது என்று பொருள். இரண்டு பொருளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இளகியிருப்பது எளிதில் நோகும். ஆகவே 'டெண்டர்' போடும்போது அந்த நோவின் சாயலும் கூடவே வரும் என்று தெரிந்து போட வேண்டும். பிரிவு, தாய்மை, நோய்ப்படுக்கை போன்றவற்றை எழுதும்போது அது சரியான சொல். அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

'மெலோ' முதலில் பழத்துக்குச் சொன்ன சொல். பழுத்து, இளகி, சாறு பிடித்த நிலை. நம் 'கனிவு' அச்சாக இதேதான், கனிதலிலிருந்து வந்தது. பிறப்பு ஒன்றாக இருந்தும் இரண்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. கனிவு இன்று அன்பைக் குறிக்கிறது. 'மெலோ' காலம் தேய்த்துப் பதப்படுத்திய நிதானத்தைக் குறிக்கிறது. இளம் வயதில் வெடுக்வெடுக்கென்று பேசியவர் அறுபதில் அடங்கி இனியவராவது 'மெலோ'. இருபது வயது செவிலியின் கனிவான பேச்சை 'மெலோ' என்று மொழிபெயர்த்தால் பிழை. அங்கே 'ஜென்டில்' அல்லது 'கைண்ட்'. குரலுக்கும் பழைய மரத்தின் நிறத்துக்கும் 'மெலோ' மிக அழகாகப் பொருந்தும்.

வலி இருந்தால்தான் பிறக்கும் சொற்கள்

'சூதிங்' என்ற சொல்லுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. முதலில் எரிச்சலோ அழுகையோ பதற்றமோ இருக்க வேண்டும். நல்ல உடம்பில் பூசும் களிம்பு வெறும் களிம்பு; எரியும் தோலில் பூசும்போதுதான் அது 'சூதிங்'. அழகான மாலைப் பொழுதை 'சூதிங்' என்று எழுதினால், பார்த்தவர் ஏதோ துன்பத்திலிருந்து வந்தவர் என்று வாசகருக்குத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டாமென்றால் 'பிளெசன்ட்' போதும்.

இந்தச் சொல்லின் வரலாறு என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தும். பழைய ஆங்கிலத்தில் 'சூத்' என்றால் உண்மை. 'சூத்சேயர்', அதாவது குறி சொல்பவர், முதலில் உண்மை சொல்பவர். வினைச்சொல்லாக அது முதலில் 'உண்மை என்று மெய்ப்பிப்பது'. 16-ஆம் நூற்றாண்டுக்குள் ஒருவர் சொல்வதையெல்லாம் 'ஆமாம், சரிதான்' என்று தலையாட்டி மனம் குளிரவைப்பது என்றாகி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலியைத் தணிப்பது என்று ஆனது. அழுகிறவரிடம் நாம் முதலில் செய்வதும் அதுதானே. மறுத்துப் பேசுவதில்லை, 'ஆமாம், கஷ்டம்தான்' என்கிறோம்.

தமிழில் 'ஆறுதல்' என்ற ஒரே சொல் இந்த வேலையெல்லாம் செய்கிறது. சூடு ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். ஆங்கிலத்தில் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். உடம்பின் எரிச்சலுக்கும் குழந்தையின் அழுகைக்கும் 'சூதிங்'. பதற்றத்துக்கு 'காமிங்'. துக்கத்துக்கு 'கம்ஃபர்ட்டிங்'. இறப்பு நேர்ந்த வீட்டுக்கு எழுதும்போது 'சூதிங் வேர்ட்ஸ்' என்று போடாதீர்கள். துக்கத்தை ஒரு எரிச்சலாக எண்ணித் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்ற சொல்லுக்குள் வலிமை என்ற லத்தீன் வேர் இருக்கிறது. ஒருவருக்குத் திடம் கொடுப்பது என்பதே அதன் பழைய பொருள். துக்க வீட்டுக்கு வேண்டியது அந்தத் திடம்தான்.

கோபத்தைத் தணிக்கும் சொற்கள் தனிக் கூட்டம். 'மாலிஃபை' செய்தால் கோபக்காரரை இளகவைக்கிறோம். 'பிளகேட்' செய்தால் ஏதாவது விட்டுக்கொடுத்துச் சமாதானப்படுத்துகிறோம். 'அப்பீஸ்' மட்டும் கவனம்: ஹிட்லரின் மிரட்டலுக்கு இணங்கி செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு, மிரட்டுபவருக்குப் பணிந்துபோவது என்ற கறை அதன்மேல் படிந்துவிட்டது. பாராட்டாகச் சொல்ல அது இனி உதவாது.

கறை படிந்த சொற்கள் இன்னும் உண்டு. 'பிளாண்ட்' என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இதமான, மென்மையான என்றே பொருள். வயிறு சரியில்லாதவருக்கு மருத்துவர் சொல்லும் 'பிளாண்ட் டயட்'டில் அந்த நல்ல பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அது சப்பென்றிருப்பது. 'அனோடைன்' கிரேக்கத்தில் வலியில்லாதது என்று பொருள். வலி நீக்கும் மருந்தின் பெயராக இருந்தது. இன்று 'அனோடைன்' அறிக்கை என்றால் யாரையும் உறுத்தாத, ஆனால் எதையும் சொல்லாத அறிக்கை. இதம் மிகுந்தால் ருசி போய்விடும் என்று ஆங்கிலம் சந்தேகப்படுகிறதோ என்று எனக்குத் தோன்றும். 'மீக்' (எதிர்க்காமல் பணிந்துபோகிற), 'ஹார்ம்லெஸ்' (தீங்கில்லாத), 'இனஃபென்சிவ்' (யாரையும் உறுத்தாத) ஆகியவையும் மனிதருக்குச் சொன்னால் பாராட்டுபோல் வந்து பாராட்டாகச் சேராதவை.

'சாது' என்ற நம் சொல் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. சாதுவான குதிரைக்கு 'டோசைல்' சரி. மனிதருக்கு வேண்டாம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்கிறோமே, அந்தச் சாதுவுக்குள் அடங்கியிருக்கும் வலுவை 'டோசைல்' காட்டாது, 'மீக்' காட்டாது. 'ஜென்டில்' காட்டும்.

பழகுவதற்கு இனியவர்

மனிதரின் இனிமைக்குச் சொற்கள் ஏராளம். 'நைஸ்' என்பதில் தொடங்கலாம். அறியாதவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் முட்டாள் என்ற பொருளில் நின்றது. அப்புறம் நுணுக்கம் பார்ப்பவர் என்றாகி, 18-ஆம் நூற்றாண்டில்தான் இனியவர் என்று ஆனது. 'சில்லி' இதற்கு நேர் எதிர்ப் பயணம்: பேறு பெற்றவர் என்று தொடங்கி அசடு என்று முடிந்தது. இன்று 'நைஸ்' தேய்ந்த நாணயம். நேரில் பேசும்போது குரலும் முகமும் அதற்குப் பொருள் கொடுக்கும். எழுத்தில் தனியாக நின்றால் வேறு சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்று படும்.

'பிளெசன்ட்' நம்பிப் போடலாம், ஆனால் மேலோட்டமானது. மாலைப்பொழுது, குரல், அறை, பயணம். மனிதருக்கும் பொருந்தும், ஆனால் பரிந்துரையில் அது ஒன்றே நின்றால் மெலிந்த பாராட்டு. 'அக்ரீயபிள்' இரட்டைப் பொருள் உடையது: இனியவர், உடன்படுபவர். பின்னால் 'டூ' சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டாவது; ஒரு திட்டத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். உளவியலில் ஆளுமையின் ஐந்து பெரும் கூறுகளில் ஒன்றாக 'அக்ரீயபிள்னெஸ்' எண்ணப்படுகிறது. அங்கே அது பிறரோடு ஒத்துப்போகும், இரக்கமும் நம்பிக்கையும் கொண்ட இயல்பு.

'அமியபிள்' மனிதருக்கு, 'அமிக்கபிள்' உறவுக்கும் ஒப்பந்தத்துக்கும். மணமுறிவு 'அமிக்கபிள்' ஆக இருக்கலாம், 'அமியபிள்' ஆக முடியாது. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள்தான். 'அஃபபிள்' என்றால் எளிதில் பேச முடிகிறவர். பெரிய பதவியில் இருப்பவருக்குச் சொன்னால் எடுப்பாக இருக்கும். 'கன்ஜீனியல்' பொருத்தத்தைச் சொல்வது, ஆகவே யாருக்குப் பொருத்தம் என்ற குறிப்பு கூடவே வேண்டும். 'சுவாவ்' நம் 'சுவாது' என்ற வடசொல்லோடும் ஆங்கில 'ஸ்வீட்'டோடும் ஒரே வேர் உடையது. ஆனால் இன்று அது பளபளப்பான நாசூக்கு. இனிமை இருக்கும், நம்பிக்கை சற்றுக் குறையும்.

மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் இதம் குளிர்ச்சியோடு வரும்: மனம் குளிர்ந்தது, தண்ணளி, குளிர்ந்த முகம். ஆங்கிலத்தில் அது சூட்டோடு வரும்: 'வார்ம் வெல்கம்', 'வார்ம் ஸ்மைல்'. குளிர்ந்த பார்வையை 'கூல் லுக்' என்று எழுதினால் அன்பு போய் அலட்சியம் வந்துவிடும். 'கோல்ட்' என்றால் பகையே வந்துவிடும். வெப்பநிலையைத் தலைகீழாக மாற்றித்தான் எழுத வேண்டும்.

ஓசையை நம்பலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். 'மெலோ', 'லல்' (தாலாட்டி அமர்த்துவது) போன்றவற்றில் மெல்லின, இடையின ஒலிகளே இருக்கின்றன. நம் 'மென்மை' முழுக்க மெல்லினம். ஆனால் 'சாஃப்ட்' என்பதில் மெல்லினமே கிடையாது, 'டெண்டர்' வல்லினத்தில்தான் தொடங்குகிறது. கவிதைக்கு ஓசை உதவும், கடிதத்துக்கு உதவாது. 'மெலிஃப்ளுவஸ்' தேன் ஒழுகுவது, 'டல்செட்' இன்னொலி. இரண்டும் அலங்காரச் சொற்கள். நான் இதுவரை போட்டதில்லை.

அந்தப் பரிந்துரைக் கடிதத்தைத் திருத்தி எழுத எனக்கு ஒரு மாலை பிடித்தது. 'சாஃப்ட்' போனது, 'டோசைல்' போனது. 'கைண்ட்' போட்டுப் பார்த்தேன். அவர் செய்ததைவிடச் செய்த விதம்தான் பெரியது என்பதால் அதையும் எடுத்தேன். கடைசியில் 'ஜென்டில்' என்ற ஒரு சொல் நின்றது. அதன் கீழே, கத்திக்கொண்டே உள்ளே வந்த ஒரு பெரியவரை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததை இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன்.